டிரைவிங் மாஸ்டர் மயங்கி விழுந்த கதை

மாஸ்டர் முதல் தடவை விழுந்தது லைசென்ஸ் ஆபீஸ் வரிசையில்.

இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கிளட்ச் மிதித்தவர்கள்தான். இத்தனை வருடத்தில் தன் பள்ளி வண்டியில் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். கடைசியில் கீறல் அவர் நெற்றியில்தான் விழுந்தது, அதுவும் ஒரு இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது.

கையில் ஐந்து பேருடைய விண்ணப்பங்கள். அவருக்கு முன்னால் எட்டுப் பேர். அறையில் காற்றே இல்லை. காதுக்குள் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு இரைச்சல் வந்தது. கண்ணோரம் கறுத்தது. 'என்ன இது, கரண்ட் போயிடுச்சா?' என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க ஆள் அங்கே இல்லை.

கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் செருப்புகளும் ஷூக்களும் தெரிந்தன. மேலேயிருந்து குரல்கள்.

"குடிச்சிருக்காரோ?"

"காலைல பத்து மணிக்கா? சுகரா இருக்கும்."

"இல்லப்பா, முகத்தைப் பாத்தா ஹார்ட்டு மாதிரி இருக்கு."

படுத்த இடத்திலேயே மூன்று வைத்தியர்களின் கருத்தை இலவசமாகக் கேட்டுக்கொண்ட மாஸ்டர், எழுந்து உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஃபார்ம் கீழ விழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சேன்" என்றார். ஒருவரும் நம்பவில்லை. அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது தடவை முடிவெட்டும் கடையில். வேலை முடிந்து நாற்காலியிலிருந்து எழுந்தவர், எழுந்த வேகத்திலேயே, கடைக்காரருடைய சீப்புத் தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கீழே போனார். முடிவெட்டுகிறவருக்கு அரை உயிர் போய்விட்டது. "மாஸ்டர், நான் அவ்வளவு மோசமாவா வெட்டிட்டேன்?" என்று பிறகு கேட்டார்.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனார்.

"பரிசோதனையெல்லாம் முடியிற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர்.

"நான் எங்க டாக்டர் ஓட்டுறேன்? பக்கத்துல உக்காந்து திட்டுறதோட சரி."

"உங்க பக்கம் பிரேக் இருக்கா?"

"இருக்கு."

"கிளட்ச்?"

"அதுவும் இருக்கு."

"அப்ப நீங்கதான் ஓட்டுறீங்க."

'வண்டி உங்க கையில இல்ல, என் கால்ல இருக்கு' என்று ஒவ்வொரு மாணவரிடமும் மார்தட்டி வந்தவர் மாஸ்டர்தானே. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

டிரைவிங் பள்ளியில் இரண்டு கார், ஒரு ஆபீஸ் அறை, இரண்டு பங்குதாரர்கள். இன்னொரு பங்குதாரர் மனைவியின் தம்பி, மச்சான். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கறுப்புக் கண்ணாடி போடுகிற ஆள், ஆனால் நல்லவன். "மாமா, நீங்க ஆபீஸ்ல உக்காந்து தியரி கிளாஸ் எடுங்க. ரோட்டை நான் பாத்துக்கிறேன்" என்றான். அவனுக்கும் அக்காவுக்கும் நடுவில் முதல் நாள் இரவே பேச்சு நடந்திருக்கிறது என்பது மாஸ்டருக்குத் தெரிந்துபோயிற்று.

காந்தம் ஒட்டிய பொம்மைக் கார்களைப் பலகையில் நகர்த்தி, நாற்சந்தியில் யாருக்கு முதல் உரிமை என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐம்பத்தொரு வயதில் பொம்மைக் கார் ஓட்டும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனார். முதல் வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. இரண்டாவது வாரம் பதினோரு பேர் முன்னால் நிற்கும்போது, 'இப்போது விழுந்தால்?' என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொண்டதும், 'ஆகா, வந்துவிட்டது' என்று கால் நடுங்கியது. மேஜையைப் பிடித்துக்கொண்டார். மயக்கம் வரவில்லை. அடுத்த வகுப்பிலும் வரவில்லை. வராத மயக்கத்துக்காக மேஜையைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்ததுதான் மிச்சம்.

அந்த நாட்களில் மாஸ்டர் ஊரிலுள்ள தரைகளில் நிபுணரானார். வங்கியில் வழவழ டைல்ஸ், மண்டை போகும். மருந்துக்கடை வாசலில் இரண்டு படி, பல் போகும். துணிக்கடையில் கம்பளம் விரித்திருக்கிறார்கள், விழுவதானால் அங்கே விழலாம். ஆனால் துணி வாங்காமல் எத்தனை நேரம்தான் ஒரு மனிதன் துணிக்கடையில் நிற்பது? எந்த அறைக்குள் போனாலும் கதவோரமாக ஒரு நாற்காலி தேடினார். பையில் தண்ணீர் பாட்டில். இடது மணிக்கட்டில் எப்போதும் வலது கையின் இரண்டு விரல்கள், நாடி பார்க்க. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, தன்னைத் தானே கைது செய்துகொண்டு போகிறவர் மாதிரி இருந்திருக்கும்.

மூன்றாவது தடவை வீட்டுக் குளியலறையில் விழுந்தார். அதற்குப் பிறகு ஆபீசுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

வீட்டில் அவர் வாய் மட்டும் ஓயவில்லை. "நான் விழுந்தா பதறாதே, ஓரமாத் தள்ளி வச்சிட்டு நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்பார் மனைவியிடம். "கூட்டுறப்ப என்னையும் சேத்துக் கூட்டிடு" என்பார். மனைவி மழலையர் பள்ளி ஒன்றில் அலுவலகப் பொறுப்பில் இருப்பவள். நாள் முழுக்க அறுபது குழந்தைகளின் அழுகையைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு முதலில் இந்தப் பேச்சு சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு புன்னகையோடு நின்றது. பிறகு அதுவும் இல்லை.

வெளியூரில் படித்த மகளுக்குப் பட்டமளிப்பு விழா வந்தது. ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம், பெயர் கூப்பிடும்போது பெற்றோர் எழுந்து நிற்க வேண்டுமாம். மாஸ்டர் சளி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். "சரிப்பா" என்றாள் மகள் தொலைபேசியில். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மனைவி வேலைக்குப் போனபின் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. ஒரு காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்தபடி கட்டில் விளிம்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வெளியே போகாதவனுக்கு சாக்ஸ் எதற்கு என்ற கேள்வியும் அந்த முக்கால் மணி நேரத்தில் அடக்கம். சவரம் செய்வது வாரத்துக்கு ஒரு முறையாயிற்று. பழைய மாணவர்கள் போன் செய்தால், மணி நிற்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் அவர் விழுந்தது மொத்தம் மூன்றே தடவை. விழாமல் இருந்த நேரத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதையாக, ஒரு நாள் மச்சான் போன் செய்தான்.

"மாமா, பல் டாக்டரம்மா பாஸ் பண்ணிட்டாங்க! ஒரே அட்டெம்ப்ட்!"

"ஒரே அட்டெம்ப்டா? அஞ்சாவது."

"எங்கிட்ட ஒரே அட்டெம்ப்ட்" என்றான் மச்சான்.

பல் டாக்டரம்மா மாஸ்டரின் இருபத்திரண்டு வருடச் சரித்திரத்தில் ஒரு கறுப்புப் பக்கம். அடுத்தவர் கடைவாய்ப் பல்லைக் கை நடுங்காமல் பிடுங்குகிற அந்த அம்மாள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வியர்த்து வழிவார். லாரி ஒன்று எதிரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மாஸ்டர் நல்லவிதமாகவும் சொல்லிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். "பயமெல்லாம் மனசுலதான் டாக்டரம்மா, தூக்கிப் போடுங்க!" என்பது அவருடைய நிரந்தர மந்திரம். நான்கு தடவை தேர்வுக்குப் போய் நான்கு தடவையும் பெயில். மச்சானிடம் இரண்டே மாதம், பாஸ்.

அந்த அம்மாள்தான் பரிசோதனை நாளன்று காரோடு வாசலில் வந்து நின்றார்.

பெரிய ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். மனைவிக்கு அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம், விட முடியாது. மச்சானுக்கு ஆறு பேருடைய தேர்வு. விஷயத்தை மச்சான் சொல்லக் கேட்டு, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று டாக்டரம்மா தானாகவே சொன்னாராம். மாஸ்டர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அவர் காலடியில் பிரேக் இல்லை. வெறும் மிதியடிதான் இருந்தது. தெருமுனை வருவதற்குள் அதை ஒன்பது தடவை மிதித்திருந்தார்.

"மாஸ்டர், அது மிதியடி. பிரேக் எங்கிட்ட இருக்கு."

"தெரியுது. காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

முதல் சந்திப்பிலேயே வண்டி அணைந்தது. பின்னால் ஹாரன்கள். டாக்டரம்மாவின் மேல்உதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மாஸ்டர் பழக்க தோஷத்தில், "பயமெல்லாம்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"அதை மட்டும் சொல்லாதீங்க மாஸ்டர்" என்றார் டாக்டரம்மா, சாவியைத் திருப்பியபடி. "மனசுலதான் மனசுலதான்னு நீங்க சொல்றப்ப எல்லாம், இறங்கிப் போய் உங்க மேல வண்டிய ஏத்திடலாமான்னு இருக்கும். பயம் எனக்கு முழங்கால்ல இருந்துச்சு. வயித்துல இருந்துச்சு. தூக்கிப் போடுன்னா எதைத் தூக்கி எங்க போடுறது?"

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார், இந்தத் தடவை மெதுவாக.

"உங்க மச்சான் பெருசா ஒண்ணும் பண்ணல. பயமா இருந்தா ஓரமா நிறுத்துங்க, பயம் இறங்கட்டும், அப்புறம் போலாம்னாரு. அவ்வளவுதான். அது போக, நான் ஒரு வருஷமா மனநல டாக்டர்கிட்ட போறேன். மாத்திரை சாப்பிடுறேன்."

"நீங்களா?"

"ஏன், பல் டாக்டருக்குப் பல்வலி வராதா?"

இந்த மனுஷியைத்தான் இரண்டு வருடமாக மந்திரம் சொல்லியே விரட்டியிருக்கிறோம் என்று மாஸ்டருக்கு உறைத்தது. ஊருக்கு உபதேசம் செய்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா மூன்று முயற்சியில் வண்டியை நிறுத்தினார். மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வாழ்நாளிலேயே மிகப் பெரிய சுயகட்டுப்பாடு அதுதான்.

பரிசோதனை என்பது இவ்வளவுதான்: ஒரு கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சிலும் காலிலும் பட்டை கட்டி, கட்டிலை அப்படியே நிமிர்த்திவிடுவார்கள். ஆள் நின்றபடி இருக்க வேண்டும். மயக்கம் வருகிறதா, வந்தால் இதயமும் ரத்த அழுத்தமும் என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள். டெக்னீஷியன் பெண் ஒருத்தி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. மாஸ்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். நான்கு மாதமாக நிழலாகத் தொடர்ந்த மயக்கம், வா வா என்று எல்லோரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தபோது வரவில்லை.

"வரலையேம்மா" என்றார், குற்றவாளி போல. "வீட்டுல நல்லா வந்துச்சு."

"பரவாயில்ல சார். சில பேருக்கு லேட்டாகும்" என்று அந்தப் பெண் தேற்றினாள்.

தேர்வு நாளில் ரிவர்ஸ் வராமல் திணறிய அத்தனை மாணவர்களும் மாஸ்டரின் கண்முன் வந்து போனார்கள். 'நேத்து நல்லா போட்டேன் மாஸ்டர்' என்று அவர்கள் சொன்னபோதெல்லாம் தான் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. பிறகு நாக்குக்கு அடியில் ஏதோ மருந்து தெளித்தார்கள். ஏழாவது நிமிடத்தில் காதில் குழாய் திறந்தது.

கண் விழித்தபோது கட்டில் படுக்கையாகியிருந்தது. டெக்னீஷியன் பெண்ணின் முகமெல்லாம் மகிழ்ச்சி. "வந்துடுச்சு சார்! ரொம்பத் தெளிவா வந்துடுச்சு!" மாஸ்டருக்கும் ஏனோ பெருமையாக இருந்தது.

இதய டாக்டர் தாள்களைப் புரட்டியபடி விளக்கினார். அறையில் துணைக்கு வந்தவர் நாற்காலியில் பல் டாக்டரம்மா. இதயத்தில் கோளாறு இல்லை. நரம்பு சில நேரம் தப்பான உத்தரவு போடுகிறது, அழுத்தம் சரிகிறது, மூளைக்கு ரத்தம் குறைகிறது, ஆள் விழுகிறார். அறிகுறி தெரிந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும், முடிந்தால் படுத்துக் காலை உயர்த்திக்கொள்ள வேண்டும். நிறையத் தண்ணீர். ஆறு மாதம் மயங்காமல் இருந்தால் மறுபடி வண்டியில் உட்காரலாம்.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்று கடைசியில் கேட்டார்.

"பிரமாதம் டாக்டர். நின்னுகிட்டேகூடத் தூங்குறேன், நீங்கதான் பாத்தீங்களே."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடவும் இல்லை. மாஸ்டர் இன்னொரு ஜோக் தேடினார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை.

"விழுற நாள் பரவாயில்ல டாக்டர்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "விழுந்தா, சரி, முடிஞ்சுதுன்னு இருக்கு. விழாத நாள்தான்... காலைலேருந்து ராத்திரி வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கேன். எந்திரிக்கவே பிடிக்கல. என் பொண்ணு பட்டம் வாங்குறதப் பாக்கப் போகல நான்."

பல் டாக்டரம்மா தன் கைப்பையின் வாரை நீவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"மயக்கம் வர்றவங்க நிறைய பேருக்கு இப்படி ஆகுது" என்றார் டாக்டர். "மயக்கத்துக்கு வழி சொல்லிட்டேன். அது சரியானா இதுவும் தானா சரியாயிடும்னு விட்டுடாதீங்க. இதுக்குத் தனியா ஒருத்தரைப் பாருங்க." ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, "ஹார்ட்டு கல்லு மாதிரி இருக்காம்" என்பதை மட்டும் மாஸ்டர் மனைவியிடம் சொன்னார். சீட்டு பர்சுக்குள் போயிற்று. மூன்று நாள் உற்சாகமாக இருந்தார். அலமாரிக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டார். நான்காம் நாள் பால் வாங்கக் கிளம்பி, பாதித் தெருவில் நெஞ்சு அடித்துக்கொள்ள, திரும்பி வந்துவிட்டார். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் நெஞ்சுக்குப் படிக்கத் தெரியவில்லை.

அன்று மாலை மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு டாக்டரையும் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"எதுக்கு?"

"மனசுக்கு."

கத்தி நின்றது. மாஸ்டர் அவசரமாக, "கழண்டு போச்சுன்னு இல்ல, கொஞ்சம் லூசாகியிருக்கு, டைட் பண்ணிட்டா..." என்று தொடங்கினார்.

"போதும்" என்றாள் அவள். "ரெண்டு மாசமா நானே சொல்லணும்னு இருந்தேன். வாயத் திறக்க விட்டீங்களா? எதைக் கேட்டாலும் ஒரு ஜோக்கு. சிரிச்சுட்டு பாத்ரூம்ல போய் நான் அழுதுட்டு வருவேன், தெரியுமா?"

தெரியாது. ஒரே வீட்டில், பதினைந்தடி தூரத்தில், தெரியாது. கண்ணாடியைப் பார், பின்னால் என்ன வருகிறது பார் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர். அவள் நறுக்கியிருந்த காயைத் தட்டில் அள்ளிப் போட்டார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"நாளைக்கு லீவு போடுறேன். சேந்து போலாம்" என்றாள் மனைவி.

மனநல டாக்டர் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்பார் என்று மாஸ்டர் இரண்டு மூன்று சோகக் கதைகளைத் தயாராக வைத்திருந்தார். அந்த அம்மையாரோ, "எந்தெந்த இடத்துக்குப் போறதில்ல, சொல்லுங்க" என்று பட்டியல் எழுதச் சொன்னார். ஒரு பக்கம் போதவில்லை. ஒரு சின்ன மாத்திரையும் வீட்டுப்பாடமும் கொடுத்தார். முதல் வாரம் தெருமுனை வரை. அடுத்து பால் கடை. அடுத்து, ஏதாவது ஒரு வரிசையில் ஐந்து நிமிடம். பயம் வந்தால் ஓடக் கூடாது, ஓரமாக நின்று, அது இறங்கியபின் நகர வேண்டும். மச்சான் இந்த வித்தையை எங்கே படித்தான் என்று மாஸ்டருக்கு விளங்கவே இல்லை.

மாத்திரை முதல் இரண்டு வாரம் வாயை உலர்த்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. தபால் நிலையத்தில், அனுப்ப ஒரு கடிதம்கூட இல்லாமல் வரிசையில் நின்றார். கவுண்டர் வந்ததும் ஒன்றும் வாங்காமல் விலகி, மறுபடி பின்னால் போய் நின்றார். மூன்றாவது சுற்றில் கவுண்டர்க்காரர், "சார், உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டுவிட்டார். "ஒரு ஸ்டாம்ப்" என்றார் மாஸ்டர். அந்த மாதத்தில் அவரிடம் பதினான்கு ஸ்டாம்ப் சேர்ந்தது.

மூன்றாவது மாதம் தியரி வகுப்புக்குத் திரும்பினார். ஒரு வியாழக்கிழமை, நாற்சந்தியில் நான்கு பொம்மைக் கார்களை நிறுத்தி வைத்து, "இப்ப யாரு முதல்ல போகணும்?" என்று கேட்ட நொடியில் காதுக்குள் இரைச்சல் கேட்டது. இது பயமில்லை, அசல். மாஸ்டருக்கு இப்போது வித்தியாசம் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார். "எனக்கு மயக்கம் வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் படுத்துக்கிறேன். யாரும் பயப்படாதீங்க, தண்ணி மூஞ்சில ஊத்தாதீங்க."

பதினோரு பேர் பார்த்திருக்க, தரையில் படுத்து இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். காது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கூரையில் ஒரு ஒட்டடை தெரிந்தது. மச்சான் இந்த ஆபீசை எப்படிப் பெருக்குகிறான் என்று கோபம் வந்தது. கோபம் வந்ததும், பிழைத்துக்கொண்டோம் என்று தெரிந்தது.

"மாஸ்டர்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் தயங்கியது. "வலது பக்கத்து வண்டிதானே முதல்ல போகணும்?"

"அதுக்கு முன்னாடி சிக்னல் இருக்கா இல்லையான்னு பாத்தீங்களா?" என்றார் மாஸ்டர் தரையிலிருந்து.

அப்போது கதவைத் திறந்த மச்சான், மேஜைக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து, "ஐயோ மாமா!" என்று அலறினான்.

"கத்தாதே, கிளாஸ் நடக்குது" என்றன கால்கள்.

மயங்கி விழவில்லை என்பதால் ஆறு மாதக் கணக்கு உடையாது என்று மாஸ்டர் இதய டாக்டரிடம் வாதாடி வென்றார். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. போன மாதம் மகள் தங்கியிருக்கும் ஊருக்குப் பேருந்தில் போய்வந்தார். பட்டம் வாங்கியபோது எடுத்த படத்தை அவள் காட்டினாள். மன்னிப்புக் கேட்க ஒரு நீண்ட பேச்சைத் தயாரித்துப் போனவர், "சளி இல்லம்மா, பயம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். "அம்மா சொன்னாங்கப்பா" என்றாள் அவள். இருவரும் நடந்து போய் ஒரு கடையில் காப்பி குடித்தார்கள். மாஸ்டர் கதவோர நாற்காலியைத் தேடவில்லை என்று சொல்ல ஆசைதான். தேடினார். அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால் இல்லை. சில காலைகளில் உடம்பு கட்டிலோடு ஒட்டிக்கொள்கிறது. போன ஞாயிறு அப்படித்தான். ஒன்பது மணியாகியும் எழவில்லை. மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"மயக்கமா, மத்ததா?"

"மத்தது" என்றார்.

"நிறையவா, கொஞ்சமா?"

மாஸ்டர் யோசித்தார். ஜோக் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"நடுத்தரம்."

"சரி, நகருங்க" என்று அவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். அவள் பள்ளியில் ஒரு குழந்தை, தன் மதிய உணவை மீன்தொட்டிக்குள் கொட்டிவிட்டு, 'மீன் சாப்பிடவே மாட்டேங்குது' என்று அழுத கதையைச் சொன்னாள். பாதியில் இருவருக்கும் தூக்கம் வந்துவிட்டது. பதினொன்றரைக்கு அவர்தான் முதலில் எழுந்து, காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.